‘நார்மல்’ என்று ஒட்டிய குழாய்

செய்தி வந்தபோது நான் கங்கைகொண்டானில், ஒரு தொழிற்சாலை வாசலில், மாணவிகளுக்குப் பாதுகாப்புத் தொப்பி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிட்டவர் உதுமானின் மைத்துனர். “மச்சான் மௌத்தாயிட்டாக. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்” என்றார். ஒரு சொல்கூடத் தப்பாமல் காதில் விழுந்தது. “சரி, எல்லாம் முடிஞ்சதும் உதுமானை எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க” என்றேன். பாவம், அவரும் “சரிங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாணவிகளோடு தொழிற்சாலையைச் சுற்றினேன். அங்கே என்ன செய்கிறார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. திரும்பும்போது டிரைவரிடம் மேலப்பாளையத்துக்கு விடச் சொன்னேன். “எதுக்கு மேடம்? காலேஜ் இந்தப் பக்கம்லா?” என்று அவர் கேட்டார். காரணத்தை வாய் திறந்து சொன்ன பிறகுதான் உதுமான் செத்துப்போனது எனக்கே தெரிந்தது.

இந்த நினைவு மலருக்காக, ‘உதுமான் சாரின் கண்டுபிடிப்பு’ என்று ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கல்லூரி முதல்வர் என்னைக் கேட்டிருக்கிறார். அதே தலைப்பில் வருடா வருடம் அவர் பெயரில் ஒரு சொற்பொழிவும் நடக்குமாம். நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு இப்போது சரியென்று நிற்கவில்லை. அவரோடு ஒரே அறையில், ஒரே மேசையில் வேலை பார்த்தவள் நான். ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயருக்கு அடுத்த பெயர் என்னுடையது. அதைப் பாராட்டி எழுதுவதா, திருத்தி எழுதுவதா என்று தெரியாமல் மண்டை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அவரோடு பழகி அறிந்த நீங்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

வேதியியல் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் ரத்தத்தில் வெள்ளணுக்கள் காவல் சுற்றுகின்றன. கிருமியைக் கண்டால் விழுங்கி, ஆக்சிஜனை வெறிபிடித்த ஒரு பொருளாக மாற்றி, அதன்மேல் கொட்டிப் பொசுக்குகின்றன. அந்த ஆக்சிஜனுக்குக் கிருமி எது, நம் சதை எது என்ற பேதம் கிடையாது. அதனால் அதை உண்டாக்கும் நொதி, சாதாரண நேரத்தில் துண்டு துண்டாகக் கழன்று கிடக்கும். உத்தரவு வந்தால்தான் துண்டுகள் ஒன்றுகூடும். உத்தரவுகளில் முக்கியமான ஒன்று, அணுவின் சுவரிலிருந்தே வெட்டியெடுக்கப்படும் ஒரு கொழுப்பமிலம். உதுமான் உயிரை விட்டுக்கொண்டிருந்தது அந்தக் கொழுப்பின் மேல்தான். “கொழுப்புன்னா வடைச்சட்டியில மிதக்குததுன்னு மட்டும் நெனைக்காதீய. உடம்புக்குள்ள அது வாய்விட்டுப் பேசுது” என்பார் வகுப்பில். மாணவர்கள் அவருக்குக் ‘கொழுப்பு சார்’ என்று பெயர் வைத்தார்கள். அது அவருக்கும் தெரியும். “உள்ளதைத்தானே சொல்லுதானுவ” என்று சிரிப்பார்.

எங்கள் கேள்வி சின்னது. அந்தக் கொழுப்பமிலத்தைத் துளியூண்டு கொடுத்தால் அது மட்டுமே வெள்ளணுவைப் பற்றவைத்துவிடுமா? அல்லது வேறொரு சமிக்ஞை முன்னாடியே அணுவைத் தட்டி எழுப்பியிருக்க வேண்டுமா? முன்னவர்கள் எழுதியதெல்லாம் இரண்டாவதைத்தான் சொன்னது. துளிக் கொழுப்பு அணுவைப் பாதிதான் எழுப்பும், மிச்சத்துக்கு இன்னொன்று வேண்டும் என்று. எங்களிடம் ஒளி அளக்கும் ஒரு கருவி இருந்தது. வெள்ளணு பற்றிக்கொண்டால், கூடவே போடும் வேதிப்பொருள் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒளிவிடும். திரையில் ஒரு கோடு எழும்பும். இல்லையென்றால் கோடு தரையோடு கிடக்கும்.

இதற்கு இளஞ்சூட்டோடு ரத்தம் வேண்டும். வெள்ளணுக்கள் வெளியே அதிக நேரம் தாக்குப்பிடிக்காது. மாணவர்களைக் கேட்டால் ஊசியைக் கண்டதும் ஒருவன் மயங்குவான், ஒருத்திக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். கடைசியில் உதுமானே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “எதுக்குக்கா அடுத்தவன் கையில போயி குத்திக்கிட்டு? எனக்கு நரம்பு கயிறு மாதிரி கெடக்கு” என்றார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிப்போனது. கல்லூரி நர்ஸ் வந்து எடுப்பார். குழாயில் பெயர் எழுத மாட்டோம், ‘நார்மல்’ என்று ஒட்டுவோம். எந்தச் சோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் வேண்டுமில்லையா? அந்த ஒருவர் எங்களுக்கு எப்போதும் உதுமான்தான். பிள்ளைகள் அவரைப் பார்த்து, “நார்மல் வாறாரு” என்று கிசுகிசுப்பார்கள்.

அவர் அணுக்களில் துளிக் கொழுப்பு விழுந்ததும் கோடு எழும்பியது. எங்களால் நம்ப முடியவில்லை. வேறொரு நாள் பார்த்தோம், எழும்பியது. “அக்கா, ஓடி வாங்க, ஏறுது, ஏறுது!” என்று அவர் போட்ட கூச்சலில் கீழ்மாடி இயற்பியல்காரர்கள் தீப்பிடித்துவிட்டதோ என்று வாளியோடு வந்து நின்றார்கள். இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். அன்று முழுக்க அவர் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் போல ஒரு சந்தோஷத்தை நான் பிறகு யாரிடமும் பார்க்கவில்லை.

மற்றவர்கள் ரத்தத்தைப் பார்க்கவே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தோம். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வரும் எங்கள் ஆய்வு மாணவி செல்வியின் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் ஒருமுறை கொடுத்தார்கள். செல்வி அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கோடு எழும்பவில்லை. திருநெல்வேலி வெயிலில் அத்தனை தூரம் வந்த ரத்தம், அணுக்கள் சோர்ந்துபோயிருக்கும் என்று முடிவுகட்டினோம். அதை முதலில் சொன்னது அவரா, நானா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவில் வரவே இல்லை. எழும்பாத ரத்தம் கெட்டுப்போன ரத்தம், எழும்புகிற ரத்தம் நல்ல ரத்தம் என்று எங்களுக்குள் எப்படியோ ஆகிவிட்டது. அவருடைய ரத்தத்தையே வெவ்வேறு நாட்களில் எடுத்து, ஒவ்வொரு நாளையும் ஒரு தனிச் சோதனையாகக் கணக்கில் வைத்தோம். கட்டுரையைப் பரிசீலித்தவர்களும் அதைக் கேட்கவில்லை. அச்சில் வந்தது. முதல் பக்கத்தை அவர் மனைவி ஆமினா கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

நோன்பு மாதத்தில் ரத்தம் கொடுக்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். “ஹஜ்ரத்துட்ட கேட்டுட்டேன்க்கா. இதுக்கெல்லாம் நோன்பு முறியாதாம்” என்று கையை நீட்டினார். அந்த மாதம் கோடு இன்னும் உயரமாகப் போனது. பட்டினி கிடந்தால் ரத்தத்தில் கொழுப்பமிலங்கள் கூடும், அதனால்தான் என்று குதித்தோம். அதையும் கட்டுரையில் ஒரு பத்தியாகச் சேர்த்தோம். இப்போது அந்தப் பத்தியைப் படித்தால் தலை சுற்றுகிறது. அதில் நோன்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இனி யாராலும் முடியாது.

மற்றது என்று நான் சொல்வது அவர் மூக்கிலிருந்து தொடங்குகிறது. உதுமானை நினைத்தால் கையில் கைக்குட்டை இல்லாமல் நினைக்க முடியுமா? எப்போதும் மூக்கடைப்பு. சில நாள் கைக்குட்டையில் ரத்தக்கறை தெரியும். கொழுப்பைப் பிரிக்க நாங்கள் கரைப்பான்கள் பயன்படுத்துவோம், அந்த நெடியில் புண்ணாகியிருக்கும் என்பார். “ஒழுங்கா ஒரு டாக்டரைப் பார்க்கப் போறீரா, இல்லையா?” என்று நானும் கத்துவேன். ஒருநாள் போய் வந்தார். “சைனஸ்தானாம்க்கா. நம்ம ஊர்ல சைனஸ் இல்லாத ஆளு யாரு?” என்றார். சொட்டு மருந்து விட்டுக்கொண்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

களக்காட்டுக் குழந்தையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. வாழை விவசாயி ஒருவரின் மகன். உடம்பில் ஒரு கட்டி ஆறினால் அடுத்தது வரும். பார்த்த குழந்தை மருத்துவர், வெள்ளணுவில் ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்டு எங்களிடம் அனுப்பினார். குழந்தையின் ரத்தத்தையும் உதுமானின் ரத்தத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். எதைக் கொடுத்தாலும் குழந்தையின் கோடு அசையவில்லை. குழந்தை மருத்துவர் உடனே பெரிய மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார். அங்கேயும் அதையே உறுதிசெய்து வைத்தியம் தொடங்கினார்கள். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவன் தகப்பனார் ஒரு ஏத்தன் வாழைக்குலையைத் தோளில் சுமந்துகொண்டு மாடியேறி வந்தார். “சாருக்குத்தான் மொதப் பழம்” என்று உதுமான் கையில் உரித்துக் கொடுத்தார். அந்த முடிவு இன்றைக்கும் சரிதான். எழும்பாத கோடு எழும்பாத கோடுதான், பக்கத்தில் யார் ரத்தம் இருந்தாலும். அதே குழாய், அதே ஆள். ஒன்றில் சரியாகச் சொன்னது இன்னொன்றில் எப்படித் தவறாகப் போனது என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

போன ஆடியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கால் வீங்கியது, சிறுநீர் சிவப்பாகப் போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு சிறுநீரக மருத்துவர், என் மாணவிகளைவிடக் கொஞ்சம்தான் மூத்த பெண், எங்கள் இருவருக்கும் உட்கார்ந்து விளக்கினார். ரத்தக்குழாய்ச் சுவரைச் சொந்த வெள்ளணுக்களே சுட்டுக் கெடுக்கும் நோய். மூக்கில் தொடங்கிப் பல வருஷம் பைய உள்ளேயே கனன்றுகொண்டு இருக்கக்கூடும். பிறகு சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பிடிக்கும். “சாரோட வெள்ளணுக்கள் ரொம்ப நாளா பாதி விழிச்ச நிலையிலேயே இருந்திருக்கணும். அப்படி இருந்தா ஒரு சின்னத் தூண்டுதலே போதும்” என்றார்.

சின்னத் தூண்டுதல். நான் உதுமானைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “கேட்டியளாக்கா?” என்றார். அவ்வளவுதான். மருத்துவர் எழுந்து போன பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “வீட்டுல சொல்லாதீய” என்றார்.

எதைச் சொல்லக் கூடாது? நோய் இவ்வளவு முற்றியதையா? கோடு எழும்பியதற்கான காரணத்தையா? அப்போதே கேட்டிருக்கலாம். அவர் குணமாகி வருவார், மேசைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்து சண்டை போட்டே தீர்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த வாரமே நுரையீரலில் ரத்தக்கசிவு என்றார்கள். அன்றுதான் நான் கங்கைகொண்டானில் இருந்தேன்.

அடக்கம் முடிந்த பிறகு, ஆய்வகத்தில் முதல் வேலையாக என் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். பிறகு செல்வி. பிறகு மனமிரங்கிய மற்ற பிள்ளைகள். எல்லாம் எடுத்த கையோடு, சூடு ஆறுமுன் பார்த்தது. துளிக் கொழுப்பு மட்டும் கொடுத்தபோது ஒருவர் கோடும் எழும்பவில்லை. இரண்டாவது சமிக்ஞையையும் சேர்த்துக் கொடுத்தபோது எல்லாருடையதும் எழும்பியது. முன்னவர்கள் எழுதியது சரி. நாங்கள் கண்டுபிடித்தது மனித வெள்ளணுவின் இயல்பு இல்லை. உதுமானுக்கு நோய் என்பதைத்தான் கண்டுபிடித்திருந்தோம். அதற்குத்தான் கைதட்டினோம், அதற்குத்தான் அவர் எல்லாருக்கும் பாளையங்கோட்டையில் பிரியாணி வாங்கிப் போட்டார். நான் சைவம் என்று எனக்கு மட்டும் தயிர்சாதம். அடக் கடவுளே, இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

ஆமினா இத்தாவில் இருக்கிறாள். கணவனை இழந்தவள் சில மாதம் வெளியே வராமல் வீட்டோடு இருக்கும் காலம். நான் பெண் என்பதால் உள்ளறைவரை போக முடிந்தது. உதுமான் என்னை அக்கா என்று கூப்பிட்டதால் அவளுக்கு நான் மைனி. அவர் சொல்லாதே என்று சொன்னதைச் சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமல் கட்டுரையைத் திருத்தினால் அவள் அதை வேறு யார் வாயிலாகவாவது கேட்பாள். திருத்தாமல் விட்டால், எங்கோ ஒருவர் எங்களை நம்பி வேலை செய்து வருஷங்களை வீணாக்குவார். எது அவருக்குத் துரோகம் என்று வாசல்படி ஏறும்போதுகூட எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆமினா, “அப்போ, அவுகளுக்கு நோவுன்னு அந்த மிஷினு முன்னாடியே சொல்லியிருக்கு” என்றாள்.

“சொல்லியிருக்கு, ஆமினா. எங்களுக்கு விளங்கலை.”

“ஏன் மைனி, ரெண்டு பேரும் படிச்சவியதானே? வாராவாரம் அவுக ரத்தத்தை எடுத்தீய. ஒருநா, ஒரேயொருநா, இவுகளுக்கு மட்டும் ஏன் இப்படி ஏறுதுன்னு கேக்கத் தோணலையா?”

உதுமானுக்கும் தோன்றவில்லை என்று சொல்லலாம். செத்துப்போனவர்மேல் பழியைப் போட வாய் வரவில்லை. அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்துவிட்டு, கூடத்துச் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள். “அதை எறக்க மாட்டேன். அவுக ஆசைப்பட்டு எழுதுனது.”

“வேண்டாம், இருக்கட்டும்.”

“இனிமே வேற யாருக்காவது அதே மாதிரி ஏறுனா என்ன செய்வீய?”

“உடனே டாக்டர்ட்ட அனுப்புவோம்.”

“அப்போ அதை எழுதுங்க. அவுக பேரைப் போட்டே எழுதுங்க. சொல்ல வேண்டாம்னு அவுக சொன்னது என்னையப் பத்தின பயத்துல. நான்தான் இப்ப எல்லாத்தையும் கேட்டுட்டேன்லா” என்றாள்.

அவர் சொன்னதற்கு அதுதான் அர்த்தமா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. அவளுக்கு நிச்சயமாக இருந்தது. திருத்தத்தை எழுதி, கட்டுரை வந்த இதழுக்கே அனுப்பிவிட்டேன். முதல் பெயர் அவருடையதுதான். முதல்வர் மன்னிக்க வேண்டும், சொற்பொழிவுக்கு வேறு தலைப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

உதுமானிடமிருந்து எனக்கென்று என்ன மிஞ்சியது என்று கேட்டால், சென்ற வாரம் நடந்ததைத்தான் சொல்ல முடியும். முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, தானாகவே விரும்பி ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். அவள் ரத்தத்தில் துளிக் கொழுப்பை விட்டதும் கோடு விறுவிறுவென்று எழும்பியது. செல்வி, “மேடம்!” என்றாள். இந்த மூட்டுவலியை வைத்துக்கொண்டு நான் மாடிப்படியில் எப்படி இறங்கினேனோ, கேண்டீனுக்குள் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துவிட்டேன். சோற்றுக் கையோடு மிரண்டுபோய் எழுந்தாள். உனக்கு என்ன செய்கிறது, மூக்கில் ரத்தம் வருமா, காய்ச்சல் உண்டா, கால் வீங்குமா என்று மூச்சுவிடாமல் கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல மேடம். கடவாப்பல்லு கடுக்கு. நாலஞ்சு நாளா இந்தப் பக்கம் வீங்கியிருக்கு” என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். உள்ளே சீழ் கோத்திருந்தது. அதுதான் அவள் வெள்ளணுக்களைப் பாதி எழுப்பி வைத்திருக்கிறது. அப்போதே பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆட்டோவில் நான் அழுதுகொண்டே வந்ததைப் பார்த்துப் பயந்துபோய், “மேடம், வெறும் பல்லுதானே?” என்று கேட்டாள்.

“ஆமா, வெறும் பல்லுதான்” என்றேன். அவள் கையை மட்டும் டாக்டர் வாசல்வரை நான் விடவில்லை.